உதைபந்தாட்டக் கேள்வி பதில்: ஆர்சனலுக்கு எந்தப் பட்டம் பெரிது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஆர்சனல் கழகத்தைப் பற்றியதாகவே இருந்தது. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். கடைசிக் கேள்வி மட்டும் எங்கள் ஊர் மைதானத்துக்கு உரியது.

கேள்வி: ஆர்சனல் 1931 தொடக்கம் 2004 வரை 13 தடவை இங்கிலாந்தின் லீக் சம்பியன் ஆனது. எங்கட வீட்டில் அப்பா 1989 தான் பெரிது என்கிறார். அண்ணா 2004 என்கிறார். வாசிகசாலைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 1931 ஐ விட்டுக்கொடுக்க மாட்டார். கழகத்தின் வரலாற்றில் உண்மையில் எந்தப் பட்டம் முக்கியமானது?
— வாசகி, இளவாலை

பதில்: மூன்று பேரும் சொல்லாத ஆண்டை நாங்கள் சொல்கிறோம்: 1971.

எது அழகான பட்டம், எது நெஞ்சு படபடக்க வைத்த பட்டம் என்று கேட்டிருந்தால் பதில் வேறு. எது முக்கியம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலில் இருந்து ஒரு பட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். அதோடு சேர்ந்து வேறென்ன கழன்று விழுகிறது என்பதில் அதன் பெறுமதி தெரியும்.

ஆசிரியரின் 1931 ஐ முதலில் எடுப்போம். 1888 இல் லீக் தொடங்கிய நாளில் இருந்து பட்டம் இங்கிலாந்தின் வடக்கையும் நடுப்பகுதியையும் விட்டு வெளியே போனதில்லை. அதை முதன்முதலில் லண்டனுக்குக் கொண்டுவந்தது முகாமையாளர் ஹேர்பேட் சப்மனின் ஆர்சனல். 42 ஆட்டங்களில் 66 புள்ளி, 127 கோல். ஜக் லம்பேர்ட் மட்டும் 38 கோல் போட்டார். மிகப் பெரிய சாதனை, மறுப்பில்லை. ஆனால் அந்த ஒன்றைக் கழற்றினாலும் 1933, 1934, 1935 பட்டங்கள் அப்படியே நிற்கும். சப்மன் கட்டிய அணி அங்கேதான் இருந்தது. அவர் 1934 ஜனவரியில் இறந்த பிறகும் அந்தப் பருவப் பட்டம் ஆர்சனலின் அன்றைய மைதானமான ஹைபரிக்குத்தான் வந்தது.

1989 ஐக் கழற்றினால் 1991 இருக்கிறது. அதே பின்களத்தோடு, 38 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் தோற்று, 18 கோல் மட்டும் வாங்கி, இரண்டு புள்ளி தண்டனையாகக் குறைக்கப்பட்ட பின்பும் வென்ற பட்டம் அது. 2004 ஐக் கழற்றினால் 1998 உம் 2002 உம் இருக்கின்றன.

இனி 1971 ஐக் கழற்றுங்கள். அதற்கு முந்தைய பட்டம் 1953, அடுத்தது 1989. இரண்டு பக்கமும் 18 ஆண்டு இடைவெளி. நடுவில் இருக்கும் ஒன்றை எடுத்தால் 36 ஆண்டுப் பள்ளம் விழுகிறது. மன்செஸ்டர் யுனைட்டட் 1967 இல் இருந்து 1993 வரை காத்திருந்தது 26 ஆண்டு. லிவர்பூல் 1990 இல் இருந்து 2020 வரை காத்திருந்தது 30 ஆண்டு. 36 ஆண்டு பட்டமில்லாத ஆர்சனலை 1989 இன் சிறுவர்கள் பெரிய கழகம் என்று நினைத்துச் சேர்ந்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஆட்கள். 1971 அணியில் விளையாடிய ஜோர்ஜ் கிரஹாம்தான் 1989, 1991 பட்டங்களின் முகாமையாளர். அதே அணியில் வலது பின்களத்தில் நின்ற பேட் ரைஸ், 1996 இல் இருந்து ஆர்சென் வெங்கரின் துணை முகாமையாளர். 1998, 2002, 2004 மூன்றிலும் வெங்கருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவரே. 1971 இன் கோல்காப்பாளர் பொப் வில்சன் பின்னாளில் ஆர்சனலின் கோல்காப்பாளர்களுக்கு நீண்ட காலம் பயிற்சி கொடுத்தார். இடது, வலது ஓரம் இரண்டிலும் ஓடிய ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங் 1990 இல் திரும்பி வந்து, 2000 இல் இறக்கும் வரை ரிசேவ் அணியைப் பயிற்றுவித்தார். 1971 க்குப் பின் 2004 வரை வந்த ஐந்து பட்டங்களில் ஒன்றுகூட 1971 இன் கை படாமல் வரவில்லை. இப்படிப் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஆள் கொடுத்த பட்டம் கழகத்தின் வரலாற்றில் வேறொன்று இல்லை.

அணியைக் கட்டியவரும் கவனிக்கப்பட வேண்டியவர். முகாமையாளர் பேர்ட்டி மீ, 1966 இல் அந்தப் பதவிக்கு வரும் வரை கழகத்தின் உடற்சிகிச்சையாளர். மைதானப் பயிற்சியைப் பார்த்தவர் டொன் ஹோ. 1968, 1969 இரண்டு ஆண்டும் லீக் கிண்ண இறுதியில் தோல்வி. இரண்டாவது தோல்வி சின்னக் கழகமான சுவின்டனிடம். 1970 இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான ஃபெயர்ஸ் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில் அன்டர்லெக்டிடம் 1–3 என்று தோற்று, ஹைபரியில் 3–0 என்று திருப்பி வென்றார்கள். 1953 க்குப் பின் கழகம் தூக்கிய முதற் கிண்ணம் அது. அடுத்த பருவத்தில் லீக்கும், தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கிண்ணமும் சேர்ந்தே வந்தன.

கேள்வி: 1971 இன் கடைசி லீக் ஆட்டத்தில் 0–0 என்றால் ஆர்சனல் சம்பியன், 1–1 என்றால் லீட்ஸ் சம்பியன் என்று படித்தேன். இரண்டும் சமநிலைதானே? ஒரே புள்ளிதானே கிடைக்கும்?
— வாசகர், கரவெட்டி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை. கோல் சராசரி பார்த்தார்கள். போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பதுதான் சராசரி. கழிப்பதற்கும் வகுப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை இந்த ஆட்டத்தைப் போலக் காட்டும் இன்னொன்று கிடைக்காது.

லீட்ஸ் தனது 42 ஆட்டங்களையும் முடித்து 64 புள்ளியில் இருந்தது. போட்டது 72, வாங்கியது 30. வகுத்தால் 2.400. ஆர்சனலுக்கு ஓர் ஆட்டம் பாக்கி. 63 புள்ளி, போட்டது 70, வாங்கியது 29. அந்தக் கடைசி ஆட்டம் 1971 மே 3 ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு, பரம எதிரியான டொட்டன்ஹாமின் சொந்த மைதானம் வைட் ஹாட் லேனில்.

0–0 என்றால் ஆர்சனலும் 64 புள்ளி. 70 ஐ 29 ஆல் வகுத்தால் 2.414. லீட்ஸைவிட மயிரிழை கூட. பட்டம் ஆர்சனலுக்கு.

1–1 என்றால் 71 ஐ 30 ஆல் வகுக்க வேண்டும். 2.367. லீட்ஸைவிடக் குறைவு. 2–2 என்றால் 72 ஐ 31 ஆல் வகுக்க 2.323, இன்னும் மோசம். வகுக்கும் எண்ணில் ஒன்று கூடுவது, வகுபடும் எண்ணில் ஒன்று கூடுவதைவிட அதிகம் அடிக்கும். கோல் சராசரி, அதிகம் போடும் அணியைவிடக் குறைவாக வாங்கும் அணிக்கே சலுகை காட்டும் விதி.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது டொட்டன்ஹாமின் கோல்காப்பாளர் பேட் ஜெனிங்ஸ் ஒரு பந்தைத் தடுக்க, திரும்பி வந்த பந்தை ஆம்ஸ்ட்ரோங் உள்ளே தூக்கிப் போட, 19 வயது ரே கென்னடி தலையால் முட்டி கோலாக்கினார். 1–0. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கோலுக்கு முன் ஆர்சனல் ஒரு கோல் வாங்கினால் 0–1, பட்டம் போகும். கோலுக்குப் பின் ஒரு கோல் வாங்கினாலும் 1–1, பட்டம் போகும். கென்னடியின் கோலால் ஆபத்து ஒரு துளியும் குறையவில்லை. டொட்டன்ஹாம் கோலைத் திருப்பப் பாய்ந்து வந்த அந்தக் கடைசி நிமிடங்களில் பின்கள வீரர்கள் அப்படி நின்றதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆட்டம் 1–0 என்றே முடிந்தது. 65 புள்ளி, 64 புள்ளி.

நெருக்கிப் போட்ட அட்டவணையையும் பாருங்கள். ஏப்ரல் 26 இல் லீட்ஸிடம் 0–1 தோல்வி, மே 1 இல் ஸ்டோக்குக்கு எதிராக 1–0 வெற்றி, மே 3 இல் டொட்டன்ஹாம், மே 8 இல் வெம்பிளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதி. அங்கே லிவர்பூலுக்கு எதிராக மேலதிக நேரத்தில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு சார்லி ஜோர்ஜின் கோலோடு 2–1 என்று வென்றார்கள்.

இன்னும் இரண்டு கணக்கு. அன்று கோல் வித்தியாசம் பார்த்திருந்தால் 0–0 போதாது: லீட்ஸ் கூட்டல் 42, ஆர்சனல் கூட்டல் 41. இன்றைய முறைப்படி வெற்றிக்கு 3 புள்ளி இருந்திருந்தால் ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் 91 புள்ளியில் சமமாக நின்றிருக்கும். எந்தச் சமநிலையும் ஆர்சனலுக்குப் போதும். விதி மாறினால் ஓர் அணி அன்று எப்படி விளையாட வேண்டும் என்பதே மாறிவிடும்.

கேள்வி: 1989 இல் லிவர்பூலின் மைதானமான அன்ஃபீல்டில் ஏன் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது? பழைய கோல் சராசரி விதி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?
— வாசகர், பாசையூர்

பதில்: 1989 மே 26, வெள்ளிக்கிழமை இரவு. முதலில் ஏப்ரலில் நடக்க இருந்த ஆட்டம் அது. ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் அனர்த்தத்தில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்ததால் பின்போடப்பட்டு, பருவத்தின் கடைசி ஆட்டமாக வந்தது.

ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் 76 புள்ளி. கோல் 65–26, கூட்டல் 39. ஆர்சனல் 73 புள்ளி. கோல் 71–36, கூட்டல் 35. அந்த நான்கு கோல் இடைவெளி வந்தது மூன்று நாளைக்கு முன்னர்தான். லிவர்பூல் வெஸ்ட்ஹாமை 5–1 என்று அடித்திருந்தது. அதற்கு முன் இரண்டு அணியும் 73 புள்ளி, கூட்டல் 35 என்று ஒரே கோட்டில் நின்றன.

ஆர்சனல் 1–0 என்று வென்றால் இருவருக்கும் 76 புள்ளி. ஆனால் லிவர்பூல் கூட்டல் 38, ஆர்சனல் கூட்டல் 36. போதாது. 2–0 என்றால் இருவருமே கூட்டல் 37. அப்போது மூன்றாவது விதியான போட்ட கோல் எண்ணிக்கை வரும்: 73 க்கு 65. ஆர்சனல் சம்பியன். 3–1, 4–2 என்று எந்த இரண்டு கோல் வித்தியாசமும் சரி.

கிரஹாம் வழமையான நான்கு பின்கள வீரர்களோடு டேவிட் ஓ'லியரியையும் சேர்த்து, அடம்ஸ், போல்ட், ஓ'லியரி என்று மூவரை நடுவில் நிறுத்தினார். இரண்டு கோல் வேண்டிய அணி பின்களத்தில் ஆள் கூட்டியது விசித்திரமாகத் தெரியலாம். மூவர் நடுவில் நின்றதால் டிக்சனும் வின்டர்பர்னும் ஓரங்களில் மேலே ஏறி, லிவர்பூலின் ஓர வீரர்களை அவர்களின் பாதியிலேயே மறிக்க முடிந்தது. அதோடு, 1–1 ஆகிவிட்டால் இன்னும் இரண்டு கோல் வேண்டும். முதலில் கதவைச் சாத்துவதுதான் புத்தி. இடைவேளையில் 0–0. 52 ஆவது நிமிடம் அலன் ஸ்மித். உபாதையீடு நேரத்தில் ஆர்சனல் கோல்காப்பாளர் லூகிக் கையால் உருட்டி டிக்சனுக்கு, டிக்சன் நீளமாக ஸ்மித்துக்கு, ஸ்மித் திருப்பி மைக்கல் தோமஸுக்கு. பந்து லிவர்பூலின் நிக்கலில் பட்டுத் தோமஸின் காலுக்கே வர, கோல்காப்பாளர் குரொபலார் விழும்வரை பொறுத்திருந்து போட்டார்.

இனிப் பழைய விதி. 73 ஐ 36 ஆல் வகுத்தால் 2.028. 65 ஐ 28 ஆல் வகுத்தால் 2.321. பட்டம் லிவர்பூலுக்கு. கோல் சராசரியில் ஆர்சனல் வெல்ல வேண்டுமென்றால் அன்ஃபீல்டில் 5–0 அடித்திருக்க வேண்டும்: 4–0 கூடப் போதாது (2.083 க்கு 2.167), 5–0 இல்தான் 2.111 க்கு 2.097 என்று மாறும். இங்கிலாந்து லீக் 1976–77 பருவத்தில் வகுத்தலைக் கைவிட்டுக் கழித்தலுக்கு மாறியது. 1971 இல் சராசரி விதி 0–0 ஐ ஆர்சனலுக்குப் போதுமாக்கியது. 1989 இல் அந்த விதி இல்லாததால் 2–0 போதுமாயிற்று.

கேள்வி: அந்த முதலாவது கோலில் ஸ்மித்தின் தலையில் பந்து படவில்லை என்று லிவர்பூல் வீரர்கள் வாதாடியது ஏன்? பட்டால் என்ன, படாவிட்டால் என்ன, பந்து உள்ளே போனதுதானே?
— வாசகர், நாவாந்துறை

பதில்: அது மறைமுக ஃப்ரீ கிக். மத்தியஸ்தர் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் மறைமுகம் என்று பொருள். இன்னொரு வீரர் தொடும் வரை கை இறங்காது. உதைத்தவரின் காலில் இருந்து யாரிலும் படாமல் நேரே எதிரணி வலைக்குள் போனால் கோல் இல்லை, கோல் உதை. வின்டர்பர்ன் உதைத்த பந்தில் ஸ்மித்தின் தலை உரசியது மிக மெல்லியதாக இருந்ததால்தான் அந்த வாதம். மத்தியஸ்தர் டேவிட் ஹட்சின்சன் கோட்டு மத்தியஸ்தரிடம் போய்க் கேட்டு உறுதிசெய்த பிறகே கோல் கொடுத்தார். எங்கள் மைதானங்களிலும் இது நடக்கும். மறைமுக உதை கிடைத்தால் பந்தைக் கோலை நோக்கி நேரே அடிக்காதீர்கள். தலை உயரத்தில் கூட்டத்துக்குள் போடுங்கள்.

கேள்வி: தோல்வியே காணாத 2004 ஐ இரண்டாவதாகவாவது வைப்பீர்களா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: சிறந்த அணி எது என்றால் முதலாவதாகவே வைப்போம். 26 வெற்றி, 12 சமநிலை, 90 புள்ளி. அதற்கு முன் தோல்வியில்லாமல் லீக் வென்றது 1888–89 இல் பிரெஸ்டன் மட்டும், அதுவும் 22 ஆட்டத்தில். மூன்று பருவங்களைத் தொட்டு 49 லீக் ஆட்டம் தோற்காமல் போனார்கள். அந்தப் பருவம் போட்ட கோல் 73. 1989 இலும் அதே 73 தான். வாங்கியதில்தான் வேறுபாடு: 36 க்குப் பதில் 26. ஆனால் அது ஏற்கெனவே உயரத்தில் நின்ற கழகம் இன்னும் உயர்ந்தது. அடுத்த 20 ஆண்டுகளில் லீக் பட்டம் எதுவும் அதிலிருந்து முளைக்கவில்லை.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையம் 8 அணிகளுக்கு ஆளுக்கு 7 பேர் கொண்ட சுற்றுப்போட்டி வைக்கப் போகிறது. இரண்டு குழு, குழுவுக்கு 4 அணி. போன வருடம் மூன்று அணி ஒரே புள்ளியில் நின்று பெரிய சச்சரவு. விதியை எப்படி எழுத வேண்டும்?
— செயலாளர் ஒருவர், குருநகர்

பதில்: குழுவுக்கு 6 ஆட்டம், இரண்டு குழுவுக்கு 12, அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15. ஒரு பாதி 15 நிமிடம், இடைவேளை 5, அணி மாறும் நேரம் 5 என்று வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம். 15 ஆட்டத்துக்கு 10 மணித்தியாலம். ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். வெயிலில் கடைசி ஆட்டங்கள் கெடும்.

சமநிலை விதியை முதல் ஆட்டத்துக்கு முன் எழுதி, எட்டுத் தலைவர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். சச்சரவு வருவது விதி தவறாக இருப்பதால் அல்ல, ஆட்டம் முடிந்த பிறகு விதியைத் தேடுவதால். உலகக் கிண்ணப் போட்டிகளில் நீண்ட காலம் மொத்தக் கோல் வித்தியாசத்தையே முதலில் பார்த்தார்கள். ஐரோப்பியக் கிண்ணத்தில் சமப்பட்ட அணிகள் தங்களுக்குள் ஆடிய முடிவை முதலில் பார்க்கிறார்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஊர்ச் சுற்றுப்போட்டியில் குழுவுக்கு ஒரு பலவீனமான அணி இருக்கும். அதை யார் 8–0, யார் 4–0 அடித்தார்கள் என்பதில் அரையிறுதி தீர்மானிக்கப்படக் கூடாது.

மூன்று அணி சமப்பட்டால் என்ன செய்வது என்பதைத் தனியாக எழுதுங்கள். 'அ' அணி 'ஆ' வை 2–0, 'ஆ' அணி 'இ' யை 1–0, 'இ' அணி 'அ' வை 1–0 வென்றது என்று வையுங்கள். மூன்றும் நான்காவது அணியை வென்றிருக்கின்றன. அந்த நான்காவது அணியின் ஆட்டங்களை நீக்கி ஒரு சின்னப் பட்டியல் போட்டால் 'அ' கூட்டல் 1, 'இ' பூச்சியம், 'ஆ' கழித்தல் 1. 'அ' வும் 'இ' யும் அரையிறுதிக்கு. சின்னப் பட்டியலிலும் சமம் என்றால் மொத்தக் கோல் வித்தியாசம், பிறகு போட்ட மொத்தக் கோல், அதன் பிறகும் சமம் என்றால் அங்கேயே ஐந்து ஐந்து பனால்ட்டி உதை. நாணயம் சுண்டுவதை வைக்காதீர்கள். தோற்ற அணி ஊரில் ஒரு வருடத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்கும். கோல் சராசரியையும் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்காத அணி வந்தால் பூச்சியத்தால் வகுக்க முடியாது.

ஒவ்வொரு குழுவிலும் கடைசி இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் நடத்துங்கள். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முதல் நாளே முடித்துவிட, அடுத்த நாள் ஆடிய மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் 1–0 என்ற முடிவு இருவருக்கும் போதும் என்று தெரிந்துகொண்டு, 10 ஆவது நிமிடக் கோலுக்குப் பின் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நின்றார்கள். அல்ஜீரியா வெளியேறியது. முழு மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் 7 பேர் ஆட்டத்துக்கு இரண்டு களம் கிடைக்கும். நடுவில் குறைந்தது 5 மீற்றர் இடைவெளி விடுங்கள். இரண்டு மத்தியஸ்தர்களின் ஊதலும் ஒரே மாதிரி ஒலித்தால் பக்கத்துக் களத்து ஊதலுக்கு ஆட்கள் நின்றுவிடுவார்கள். வேறு வேறு சத்தமுள்ள ஊதல் கொடுங்கள்.

வராத அணிக்கு எதிராக 3–0 என்று பதியுங்கள். ஓர் அணி பாதியில் விலகினால் அது ஆடிய எல்லா ஆட்டத்தையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அதை ஏற்கெனவே 6–0 அடித்த அணிக்கும் இனி 3–0 மட்டும் கிடைக்கும் அணிக்கும் இடையில் நியாயம் இராது. ஐப்பசி, கார்த்திகையில் வைப்பதானால் மழைக்கும் ஒரு வரி வேண்டும்: இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு நின்றால் அப்போதைய முடிவு செல்லும், அதற்கு முன் நின்றால் மறுநாள் 0–0 இல் இருந்து ஆட்டம். களம் விளையாடத் தக்கதா என்பதை மத்தியஸ்தர் பந்தை இடுப்பளவில் இருந்து நான்கு மூலையிலும் நடுவிலும் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு இடத்தில் பந்து எழும்பாமல் சேற்றில் குந்தினால் அன்றைக்கு ஆட்டம் இல்லை என்று அறிவித்துவிடுங்கள்.